தோட்ட டிராக்டருக்கான ஸ்னோ புளோவர் இணைப்பு: ஒற்றைக் கட்டமா, இரட்டைக் கட்டமா, பின்புறம் பூட்டுவதா?

சரளைப்பாதை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த மூன்று குளிர்காலங்களாக டிராக்டரின் முன்னால் பூட்டிய தகட்டைக் கொண்டே பனியைத் தள்ளி வந்திருக்கிறேன். பனி குறைவாக விழுந்த ஆண்டுகளில் அதைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தள்ளிய பனி எங்கும் போய்விடுவதில்லை. பாதையின் இருபுறமும் சுவராக நின்று உறைந்து, குளிர்காலத்தின் நடுப்பகுதிக்குள் பாதையின் அகலத்தில் பாதியை விழுங்கிவிடுகிறது. அதற்கு மேல் தள்ளுவதற்கு இடமும் இல்லை, டிராக்டருக்கு வலுவும் இல்லை. ஆகவே இந்த ஆண்டு, பனியை அள்ளித் தூர வீசும் ஸ்னோ புளோவர் இணைப்பு ஒன்றை வாங்கிவிடுவதென்று முடிவு செய்துள்ளேன்.

டிராக்டர் 22 குதிரைத்திறன் கொண்டது. ஹைட்ரோஸ்டாட்டிக் ஓட்டம் (கியருக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களை ஓட்டுவது), இரு கால்மிதிகள். முன்புறத்தில் மின்கிளட்சுடன் பெல்ட் புல்லி இருக்கிறது. பாதை 60 மீட்டர் நீளம். அதில் முக்கால் பங்கு சரளைக்கல், சாலையை ஒட்டிய கடைசிப் பகுதி மட்டும் தார். சாலையைத் துப்புரவு செய்யும் வண்டி ஒவ்வொரு முறையும் வாசலின் குறுக்கே ஒரு மேட்டை விட்டுச் செல்கிறது. என் முன் மூன்று வழிகள் உள்ளன: 42 அங்குல ஒற்றைக் கட்ட முன்புற இணைப்பு, 44 அங்குல இரட்டைக் கட்ட முன்புற இணைப்பு, மூன்று புள்ளிக் கொக்கியில் பின்புறம் பூட்டும் 50 அங்குல இணைப்பு. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பட்டறை_மேசை எழுதியது:

வணக்கம் நண்பரே. மூன்றாவது வழியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் டிராக்டரின் பின்புறத்தில் சுழலும் பி.டி.ஓ. தண்டு (எஞ்சினின் சுழற்சியை இணைப்புக்குக் கொடுக்கும் தண்டு) இருக்கிறதா, அல்லது ஏற்றி இறக்கும் கொக்கி மட்டும்தானா? பின்புற புளோவர்கள் நிமிடத்துக்கு 540 சுழற்சி தரும் பின்புறத் தண்டை நம்பியே செய்யப்படுகின்றன. தோட்ட டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் அந்தத் தண்டு கிடையாது.

சரளைப்பாதை எழுதியது:

இப்போதுதான் குனிந்து பார்த்தேன். கொக்கி மட்டுமே இருக்கிறது, தண்டு இல்லை. ஆகவே மூன்றாவது வழி அடைபட்டுவிட்டது.

பட்டறை_மேசை எழுதியது:

அப்படியானால் ஒற்றையா, இரட்டையா என்பதே கேள்வி. பெயரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பலர் இந்த வேறுபாட்டை வேகக் கட்டுப்பாடு என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஒற்றைக் கட்டத்தில் முன்னால் குறுக்காகச் சுழலும் திருகு அலகு, அதாவது ஆகர், பனியை நடுவுக்கு இழுத்து, அதே சுழற்சியின் வேகத்திலேயே குழாய் வழியாக வெளியே எறிகிறது. இரட்டைக் கட்டத்தில் ஆகர் மெதுவாகச் சுழன்று பனியை அள்ளித் தருவதோடு நின்றுவிடும். அதன் பின்னால் தனி அறையில் வேகமாகச் சுழலும் விசிறி போன்ற இம்பெல்லர்தான் வீசுகிறது. அள்ளுவதையும் வீசுவதையும் பிரித்து வைக்கும் இந்த யோசனை பழையது. கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார்ட் 1925இல் லாரியின் மீது அமைத்த பனி வீசும் இயந்திரத்திலேயே அள்ளும் பகுதியும் வீசும் பகுதியும் தனித்தனியாக இருந்தன.

உங்கள் பாதைக்கு இது ஏன் முக்கியம் என்றால், சரளைக்கல். ஒற்றைக் கட்டத்தில் வீசுவதற்கான வேகம் ஆகருக்கே தேவைப்படுவதால், அதன் நுனி தரையில் கிடக்கும் கல்லைத் தொட்டால் அந்தக் கல்லும் பனியின் வேகத்திலேயே பறக்கும். இரட்டைக் கட்டத்தில் ஆகர் மெதுவாகச் சுழல்வதால் கல்லைக் கிளறி எடுப்பது குறைவு. முற்றிலும் எடுக்காது என்று சொல்லமாட்டேன். எதை வாங்கினாலும், புளோவரின் இருபுறமும் தரையில் சறுக்கி அதன் உயரத்தைத் தாங்கும் சறுக்குக் கட்டைகளை இறக்கி, அடிவிளிம்பில் இருக்கும் சுரண்டு தகடு சரளையிலிருந்து 3 அல்லது 4 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு பனிப்பொழிவுகளில் அடியில் தங்கும் பனி சக்கரத்தில் அழுந்தி இறுகி ஒரு தளம் போல ஆகிவிடும். அதன் பிறகு கல் வருவது வெகுவாகக் குறைந்துவிடும்.

அடுத்து, 22 குதிரைத்திறன் போதுமா என்பதை ஒரு சிறிய கணக்கால் பார்க்கலாம். 44 அங்குலம் என்பது சுமார் 1.1 மீட்டர். பனி 30 சென்டிமீட்டர் ஆழம், டிராக்டர் நொடிக்கு அரை மீட்டர் நகர்கிறது என்றால், நொடிக்கு 0.165 கன மீட்டர் பனி உள்ளே வருகிறது. புதிதாக விழுந்த உலர்பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு டன். அதை நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வெளியேற்ற ஏறத்தாழ இரண்டரைக் குதிரைத்திறன் போதும். ஆனால் வாசலில் வண்டி விட்டுச் செல்லும் மேடு நசுங்கிய, ஈரமான பனி. அதன் அடர்த்தி எளிதில் மூன்று, நான்கு மடங்காக இருக்கும். அதே வேகத்தில் அதற்குள் நுழைந்தால் வெளியேற்றுவதற்கு மட்டுமே எட்டிலிருந்து பத்துக் குதிரைத்திறன் வேண்டும். உடைப்பதற்கும் தேய்மானத்துக்கும் டிராக்டர் தன்னைத்தானே நகர்த்திக்கொள்வதற்கும் தேவைப்படுவது தனி. ஆகவே உங்கள் டிராக்டரின் திறன் போதும். மேட்டில் மட்டும் நகரும் வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தாக வேண்டும். எஞ்சினின் சுழற்சியைக் குறைக்காமலே நகரும் வேகத்தை மட்டும் ஆமை வேகத்துக்குக் கொண்டுவர ஹைட்ரோஸ்டாட்டிக் ஓட்டம் இடம் கொடுக்கிறது என்பதால், அந்த விஷயத்தில் நீங்கள் பாக்கியசாலி. கியர் மாற்றும் பழைய டிராக்டர்களில் மிகக் குறைந்த கியரே இந்த வேலைக்கு வேகம் என்றாகிவிடுவதுண்டு.

ஈரப்பனி எழுதியது:

பட்டறை அண்ணன் சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் ஒற்றைக் கட்டத்துக்காகவும் ஒருவர் பேச வேண்டும். ஒன்பது ஆண்டுகளாக ஒற்றைக் கட்ட இணைப்பைத்தான் பயன்படுத்துகிறேன். கியர் பாக்ஸ், இம்பெல்லர், அதன் தாங்கி என்று பழுதாகக்கூடியவை எதுவும் இதில் இல்லை. ஒரு சங்கிலி, ஒரு தண்டு, இரண்டு பேரிங்குகள், அவ்வளவுதான். எடையும் குறைவு. பனி பத்து, பதினைந்து சென்டிமீட்டருக்குள் அடிக்கடி விழும் இடங்களில், தார்ப்பாதையில், இது தரையைத் துடைத்தது போல் எடுத்துவிடும்.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பனி மெல்லியதாக இருந்து நாம் மெதுவாகப் போனால், ஒற்றைக் கட்டம் வீசாது, சிந்தும். ஆகரின் மடல்களில் பனி நிறைந்திருந்தால்தான் அது ஒழுங்காகப் பறக்கிறது. ஆகவே சற்று வேகமாக ஓட்ட வேண்டியிருக்கிறது. வேகமாக ஓட்டினால் உறைந்த கட்டியில் மோதும்போது அடியும் பலமாக விழுகிறது. உங்களுடைய மேடும் சரளையும் எனக்கு இருந்திருந்தால், நானே இரட்டைக் கட்டத்துக்குப் போயிருப்பேன்.

இரும்புச்சங்கிலி எழுதியது:

எல்லோரும் புளோவரைப் பற்றியே பேசுகிறீர்கள். அதைச் சுமக்கப்போகும் டிராக்டரை யாராவது நினைத்துப் பார்த்தீர்களா? நான் வாங்கிய முதல் ஆண்டில் அதைத்தான் தவறவிட்டேன். புளோவரை உயர்த்தியவுடன் பின்சக்கரங்கள் சாய்வான பாதையில் நின்ற இடத்திலேயே சுழன்றன. டிராக்டர் பக்கவாட்டில் நழுவி, புளோவரின் மூலை வேலிக் கம்பத்தில் போய் மோதி நின்றது. புளோவரில் எந்தக் குறையும் இல்லை. பின்புறத்தில் எடை இல்லாததுதான் காரணம்.

எளிய நெம்புகோல் கணக்கு இது. 130 கிலோ எடையுள்ள புளோவர் முன்னச்சுக்கு 70 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது, இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரம் 1.3 மீட்டர் என்றால், பின்சக்கரங்களின் மீதிருந்து 70 கிலோ குறைந்துவிடும். ஓட்டும் சக்கரங்கள் அவைதான்! பின்னச்சுக்கு அரை மீட்டர் பின்னால் சுமார் 50 கிலோ எடையைத் தொங்கவிட்டால் அந்த இழப்பு சரியாகும். பிடிமானம் முன்பைவிடக் கூட வேண்டுமானால் அதற்கு மேல் வைக்க வேண்டும். உங்களிடம் மூன்று புள்ளிக் கொக்கி இருப்பதால், எடைப்பெட்டி ஒன்றை அதில் மாட்டிவிடலாம். அச்சு தாங்கும் அளவு டிராக்டரின் கையேட்டில் எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்க்காமல் எடையைக் கூட்ட வேண்டாம்.

சக்கரங்களுக்குள் திரவம் நிரப்புவதும் நல்ல வழிதான், ஆனால் எந்தத் திரவம் என்பதில் கவனம் தேவை. கால்சியம் குளோரைடு கரைசல் எடை மிகுந்தது, எளிதில் உறையாது. ஆனால் டியூப் இல்லாத சக்கரத்தில் ஒரு சிறு கசிவு ஏற்பட்டால் விளிம்பைத் தின்றுவிடும். என் இடது சக்கரத்தைக் கழற்றியபோது, வால்வைச் சுற்றியிருந்த இரும்பு பிஸ்கட்டைப் போல விரல் பட்டதும் உதிர்ந்தது. இப்போது உறையாத கண்ணாடித் துடைப்பு நீரை நிரப்பியிருக்கிறேன்; எடை சற்றுக் குறைவுதான், ஆனால் அரிப்பு இல்லை.

பனியில் பிடிமானத்துக்காகப் பின்சக்கரங்களில் மாட்டும் சங்கிலியை வாங்கும்போது, குறுக்குச் சங்கிலிகளின் இடைவெளியைப் பாருங்கள். ஒவ்வொரு நான்கு கண்ணிக்கும் ஒரு குறுக்குச் சங்கிலி இருக்கும் வகையில், சக்கரம் சுற்றும்போது இடைவெளிகளில் டயரே தரையில் படும். ஓட்டம் தடதடக்கும், பிடிமானமும் விட்டுவிட்டு வரும். இரண்டு கண்ணிக்கு ஒன்று என்றிருப்பதே இந்த வேலைக்குத் தகுந்தது. மாட்டிய பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே சங்கிலிக்குப் போதிய இடம் இருக்கிறதா என்பதையும் வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

பின்நோக்கி எழுதியது:

நண்பருக்கு இது பயன்படாது என்று தெரிந்தாலும், பின்னால் படிக்க வருபவர்களுக்காக எழுதி வைக்கிறேன். என்னிடம் இருப்பது பின்புறத் தண்டுள்ள பெரிய டிராக்டரும் 50 அங்குல இணைப்பும். முழு எடையும் ஓட்டும் சக்கரங்களின் மீதே விழுகிறது, பெல்ட் என்ற பேச்சே இல்லை, டிராக்டரில் பூட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும். புல்வெட்டும் அடிப்பகுதியைக் கழற்ற வேண்டியதும் இல்லை. இவையெல்லாம் உண்மை. ஆனால் ஒரு மணி நேரம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி ஓட்டிய பிறகு, மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடிவதில்லை. பின்புறத் தண்டு இருப்பவர்களும், தங்கள் கழுத்தின் நிலையை எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

சரளைப்பாதை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஏறக்குறைய இரட்டைக் கட்டம் என்று முடிவாகிவிட்டது. என் டிராக்டர் வகைக்கே பொருந்தும் துணைச்சட்டத்துடன் (இணைப்பை டிராக்டரில் பிடித்து நிறுத்தும் சட்டம்), ஒருவர் பயன்படுத்திய 44 அங்குல இணைப்பு ஒன்று கைமாறுவதற்குக் காத்திருக்கிறது. வண்ணம் மங்கியிருக்கிறது, சுரண்டு தகடு தேய்ந்திருக்கிறது. நேரில் போய்ப் பார்க்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பட்டறை_மேசை எழுதியது:

வண்ணத்தை விட்டுவிடுங்கள். சுரண்டு தகடு தேய்வதற்கென்றே போடப்பட்டது. பலவற்றில் அதைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் போட்டு இன்னொரு பக்கத்தையும் பயன்படுத்தலாம். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு.

முதலில் ஷியர் பின். ஆகரின் குழாய், உள்ளே ஓடும் தண்டின் மீது ஓர் உறை போல மாட்டப்பட்டிருக்கும். இரண்டையும் இணைப்பது அந்தச் சிறிய பின் மட்டுமே. உறைந்த கட்டியோ விறகுத் துண்டோ சிக்கினால் பின் முறிந்து, தண்டு மட்டும் சுழல, ஆகர் நின்றுவிடும். கியர் பாக்ஸ் தப்பிக்கும். ஆனால் பல ஆண்டுகள் கிரீஸ் காணாத தண்டில் குழாய் துருவேறி ஒட்டிக்கொண்டுவிடும். அப்போது பின் இருந்தும் பயனில்லை. அது முறிந்தாலும் ஆகர் தண்டோடு சேர்ந்தே சுழலும், அடி முழுவதும் உள்ளே இருக்கும் பற்சக்கரத்தின் மீது விழும். ஆகவே எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகு, பின்களைக் கழற்றச் சொல்லி, தடித்த கையுறை அணிந்த கையால் ஆகரைத் தண்டின் மீது சுழற்றிப் பாருங்கள். வழுக்கிச் சுழன்றால் அந்த இணைப்பை ஒருவர் பேணி வந்திருக்கிறார் என்று பொருள். அசையவே மறுத்தால், அதைப் பிரிப்பதற்கு நீங்கள் செலவிடப்போகும் வார இறுதிகளை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பின்னுக்குப் பதிலாக யாராவது கடினப்படுத்திய போல்ட்டைப் போட்டிருந்தால், கியர் பாக்ஸைத் திறந்து பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கியர் பாக்ஸின் எண்ணெயைச் சிறிது வடித்துப் பாருங்கள். பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. தங்கத் துகள் போல மினுங்கினால் உள்ளேயிருக்கும் வெண்கலப் பற்சக்கரம் தேய்ந்துகொண்டிருக்கிறது.

இம்பெல்லரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் தாங்கி போய்விட்டது. அதன் மடலுக்கும் சுற்றியுள்ள உறைக்கும் இடையிலான வெளியையும் பாருங்கள். ஒரு விரலே நுழையும் அளவு இருந்தால், ஈரப்பனி அந்த இடுக்கில் வழிந்து திரும்பி, குழாயில் ஏறாமல் அங்கேயே அடைத்துக்கொள்ளும். இதற்கு எளிய தீர்வு உண்டு: கன்வேயர் பெல்ட் போன்ற துணி கலந்த தடித்த ரப்பர் துண்டுகளை ஒவ்வொரு மடலின் நுனியிலும் போல்ட் போட்டு, உறையை லேசாகத் தொடும்படி பொருத்திவிடலாம். எதிரெதிர் மடல்களில் ஒரே எடையுள்ள துண்டுகளைப் போட வேண்டும், இல்லையென்றால் சுழற்சியில் அதிர்வு வந்துவிடும். இதைச் செய்த பிறகு சகதியாகக் கரைந்த பனியைக்கூட என் இணைப்பு வெளியேற்றுகிறது.

கடைசியாகப் பெல்ட். முன்புற இணைப்புகளில் அது பல புல்லிகளில் வளைந்து திரும்பி வருகிறது. பளபளவென்று கண்ணாடி போல மின்னும் பக்கங்கள் வழுக்கலின் அடையாளம். பெல்ட் புதிதாக மாற்றக்கூடியதுதான். ஆனால் அது ஏன் வழுக்கியது என்பதைக் கேளுங்கள். இழுவிசை தரும் புல்லியின் கை துருப்பிடித்து இறுகியிருக்கலாம்.

ஈரப்பனி எழுதியது:

வீச்சுக் குழாயைத் திருப்பும் முறையையும் பார்க்கச் சொல்லுங்கள். இருக்கையிலிருந்து நீண்ட கம்பியால் சுற்றித் திருப்புவதாக இருந்தால், அதன் மூட்டுகள் குளிரில் உறைந்து போகும். 60 மீட்டர் பாதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் காற்றின் திசைக்கு ஏற்பக் குழாயைத் திருப்ப வேண்டியிருக்கும். மின்மோட்டார் இருந்தால் அந்தச் சிரமம் குறையும்.

வடக்கு_வாசல் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டுமே இருந்தேன். அடைப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். தயவுசெய்து யாரும் வீச்சுக் குழாய்க்குள் கையை விடாதீர்கள். எஞ்சினை அணைத்த பிறகும் விடாதீர்கள். என் அண்ணன் பி.டி.ஓ.வை நிறுத்தி, சாவியையும் எடுத்துவிட்டுத்தான் குழாயில் கையை விட்டார். அடைத்திருந்த பனி இம்பெல்லரைப் பிடித்து நிறுத்தியிருந்ததால், பெல்ட்டில் இழுவிசை அப்படியே தேங்கியிருந்திருக்கிறது. கட்டி பெயர்ந்த கணத்தில் இம்பெல்லர் கால் சுற்று சுழன்றது. அவ்வளவுதான் சுழன்றது, இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. கையுறை போட்டிருந்தார், அதனால் ஒரு பயனும் இல்லை.

குழாயின் பக்கத்திலேயே ஒரு மரக்கட்டையைக் கட்டி வையுங்கள், அதைக் கொண்டு மட்டுமே குத்தி எடுங்கள். இருக்கையை விட்டு எழுந்தால் புளோவரை நிறுத்தும் சுவிட்சைச் சிலர் கம்பி போட்டு இணைத்துச் செயலிழக்கச் செய்கிறார்கள். பழைய இணைப்பை வாங்கும்போது டிராக்டரில் அது வேலை செய்கிறதா என்பதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

சரளைப்பாதை எழுதியது:

வடக்கு வாசல் நண்பரே, படித்தபோது மனம் கனத்தது. உங்கள் அண்ணனுக்கு நேர்ந்ததை இங்கே எழுதியதற்கு மிக்க நன்றி. இருக்கை சுவிட்சைச் சோதித்தேன், வேலை செய்கிறது. சவுக்குக் கட்டை ஒன்றைச் சீவி, குழாயின் வலப்புறத்தில் இரண்டு கொக்கிகளில் மாட்டியிருக்கிறேன்.

இணைப்பை வாங்கிவிட்டேன். இடது ஆகர் வழுக்கிச் சுழன்றது, வலது அசையவில்லை. துரு நீக்கும் எண்ணெயை மூன்று நாள் ஊற்றி, மெல்லச் சூடேற்றி, நான்காம் நாள்தான் அது பெயர்ந்தது. தண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து கிரீஸ் பூசிப் பூட்டியிருக்கிறேன். கியர் பாக்ஸ் எண்ணெய் கருத்திருந்தது, ஆனால் மினுக்கம் இல்லை. பின்னால் 70 கிலோ எடைப்பெட்டி, இரண்டு கண்ணிச் சங்கிலி. துணைச்சட்டத்தை முதல் முறை பூட்டுவதற்கு ஒரு முழுப் பகலும் போய்விட்டது.

சரளைப்பாதை எழுதியது (பதினெட்டு நாட்களுக்குப் பிறகு):

நேற்றிரவு 25 சென்டிமீட்டர் விழுந்தது. சரளைப் பகுதியை ஒரே சீராக முடித்தேன். தொடக்கத்தில் நாலைந்து கற்கள் குழாயில் கடகடவென்று ஓடிய சத்தம் கேட்டது, சறுக்குக் கட்டைகளை இன்னும் ஒரு துளை இறக்கியதும் நின்றுவிட்டது. வாசல் மேட்டில் பட்டறை அண்ணன் சொன்னபடியே எஞ்சினை முழுச் சுழற்சியில் வைத்துக்கொண்டு, கால்மிதியைத் தொட்டும் தொடாமலும் நுழைந்தேன். பாதி அகலத்தை மட்டும் கடிக்கவிட்டபோது எஞ்சினின் குரல் தாழவே இல்லை. முழு அகலத்தையும் கொடுத்தபோது தாழ்ந்தது, உடனே காலை எடுத்துவிட்டேன். மேட்டுக்குள் புதைந்திருந்த ஒரு பனிக்கட்டியில் வலது ஷியர் பின் முறிந்தது. ஆகர் நின்றது, தண்டு மட்டும் சுழன்றது. இறங்கிப் புதுப் பின் போட ஐந்து நிமிடம் ஆயிற்று. துருவோடு ஒட்டியிருந்த அதே வலது பக்கம்.

ரப்பர் துண்டுகளை இன்னும் பொருத்தவில்லை. பனி இளகும் நாட்கள் வருவதற்கு முன் செய்துவிட எண்ணுகிறேன். இம்பெல்லரின் மடல்களில் துளை போட, அதைக் கழற்றாமலே குழாயின் வாய் வழியாகத் துளைக்கருவியை நுழைக்க முடியுமா?

பட்டறை_மேசை எழுதியது:

முடியும். வீச்சுக் குழாயை மட்டும் கழற்றிவிட்டு, ஷியர் பின்னையும் பெல்ட்டையும் எடுத்துவிடுங்கள். இம்பெல்லரை மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து, ஒவ்வொரு மடலையும் வாய்க்கு நேரே கொண்டுவந்து துளையிடலாம். மடலுக்கு இரண்டு துளைகள் போதும். ரப்பரில் துளைகளை நீள்வட்டமாக வெட்டிக்கொண்டால், பிறகு தேயும்போது வெளியே நகர்த்தி இறுக்கிக்கொள்ள வசதியாக இருக்கும்.